டாக்டரையா பழுதுபார்த்த அடுப்பு

கழற்றி அடுக்கினால் அந்த அடுப்பு ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடங்கிவிடும். அடியில் பித்தளைத் தொட்டி, அதைச் சுற்றி மூன்று கால்கள், பழைய துணியில் பொதிந்த பர்னர், ஓரத்தில் ஒரு புனல், ஒரு சாவி. நான் முதன்முதலாகப் பார்த்தபோது அது எங்கள் தேயிலைத் தோட்டத்து மருந்துக் காம்பராவில், அதாவது மருந்தறையில், அலமாரிக்கு மேலே தூசியோடு தூசியாகக் கிடந்தது. தொட்டி பச்சை பூத்திருந்தது. பம்பை இழுத்தால் வெறும் கம்பி மட்டும் கையோடு வந்தது. முன்பு அங்கே உதவி மேலாளராக இருந்த வெள்ளைக்காரச் சின்னத் தொரை ஒருவர், லீவு கிடைத்தால் போதும், கூடாரத்தையும் தூண்டிலையும் தூக்கிக்கொண்டு மேலே பனிக்காட்டுக்குப் போய்விடுவாராம். மீன் பிடித்து, அந்த மண்ணெண்ணெய் அடுப்பில் பொரித்துத் தின்றுவிட்டு இரண்டு நாள் கழித்துத் தாடியோடு இறங்கி வருவாராம். நாடு சுதந்திரமாகிக் கைமாறிய கையோடு அவர் சீமைக்குக் கப்பலேறினார். போகும்போது கிழிந்த கம்பளி இரண்டு, எனாமல் பேசின் ஒன்று, பழுதாகிப்போன இந்த அடுப்பு எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி மருந்துக் காம்பராவுக்குத் தர்மம் பண்ணிவிட்டுப் போனார். தங்களுக்கு வேண்டாததைத் தர்மம் பண்ணுவதில் தொரைமாரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

நான் மருத்துவச்சியாக அங்கே போய்ச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கினிகத்தேனையில் ரோட்டோரமாகத் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவரின் மகள். தலவாக்கலையில் பஸ்ஸை விட்டிறங்கி நாலு மைல் ஏறினால் எங்கள் தோட்டம். அங்கே எல்லாருக்கும் நான் மிஸ்ஸி. மருந்துக் காம்பராவுக்குப் பொறுப்பாக இருந்தவர் எல்லாருக்கும் டாக்டரையா. உண்மையில் அவர் டாக்டர் இல்லை, மருந்து கலக்கிக் கொடுக்கப் படித்தவர். தலவாக்கலைக் கடைவீதியில் துணி வியாபாரம் செய்த குடும்பத்துப் பிள்ளை. கடையில் உட்கார்ந்து முழம் போடப் பிடிக்காமல் மருந்துப் பக்கம் வந்தேன் என்பார். என்னைவிட எட்டோ ஒன்பதோ வயது மூத்தவர். மனைவியும் மூன்று பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். நான் வந்த முதல் வாரமே, "ஆளுக முன்னாடி வேணா ஐயான்னு கூப்புடுங்க. மத்தபடி அண்ணன்னே கூப்புடுங்க தங்கச்சி. இந்த மருந்து வாசத்துல நம்ம ரெண்டு பேருதான கெடந்து சாகப் போறோம்" என்றார். எனக்குக் கூடப் பிறந்த அண்ணன் கிடையாது. அப்படி ஒருவரைக் கூப்பிடக் கிடைத்ததே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

எனக்கு இருந்த ஒரே தொல்லை வெந்நீர். கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பிரசவத்துக்குப் போகிறவளுக்குக் கத்தரிக்கோலைக் கொதிக்க வைக்க வேண்டும், தொப்புள் கட்டும் நூலைக் கொதிக்க வைக்க வேண்டும், தன் கையைக் கழுவ வேண்டும். ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் விறகு என்றால் மிலாறுதான், கவ்வாத்து வெட்டும்போது விழும் தேயிலைக் கிளைகள். வெயில் காலத்தில் அது பொரிபொரியென்று எரியும். ஆனி, ஆடி மழையில் அதை அடுப்பில் வைத்தால் தீ வராது, புகைதான் வரும். பத்தடிக் காம்பராவுக்குள் ஒருத்தி வலியில் துடிக்க, இன்னொருத்தி ஊதுகுழலை வைத்துக்கொண்டு கண்ணீரும் மூக்குநீருமாக ஊத, தண்ணீர் இளஞ்சூடுகூட ஆகாமல் உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் நமக்காகக் காத்திருக்குமா? மேற்கணக்கில், அதாவது மேல் டிவிஷனில், இப்படி ஒரு பிரசவம் முடித்து இருமிக்கொண்டே திரும்பிய நாளில்தான் அலமாரிக்கு மேலே இருந்த டின்னை இறக்கி, "அண்ணே, இது எரியுமா?" என்று கேட்டேன்.

அவர் அதைக் கையில் வாங்கிய விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு பிள்ளையைத் தூக்கிக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எரிய வச்சிருவோம்" என்றார். மூன்று வாரம் அதே வேலைதான். காலையில் நோயாளிகள் போனதும் மேசையைத் துடைத்துப் பழைய பேப்பரை விரித்து அடுப்பைப் பரப்பிவிடுவார். நான் புளியும் சாம்பலும் போட்டுத் தொட்டியைத் தேய்த்தேன். உள்ளே பழைய எண்ணெய் தார் மாதிரி ஒட்டியிருந்தது. சோடா உப்புக் கரைத்த வெந்நீரையும் ஒரு கை சின்னக் கூழாங்கல்லையும் உள்ளே போட்டுக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கி ஏழெட்டுத் தடவை கொட்டினோம். கடைசியில் தண்ணீர் தெளிவாக வந்தபோது அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "இப்ப இதுல காப்பியே போடலாம்" என்றார்.

பம்புக்குள் இருக்கும் தோல் காய்ந்து சுருண்டுபோயிருந்தது. யாரோ வீசிய பழைய பூட்ஸ் சப்பாத்தின் நாக்கை வெட்டி வட்டமாகத் தோல் செய்தார். அதைத் தேங்காய் எண்ணெயில் இரண்டு நாள் ஊறப் போட்டுப் பூட்டினோம். சாயங்காலம் அருமையாகக் காற்றடித்தது. மறுநாள் காலையில் பம்பு அசையவே இல்லை. இரண்டு பேரும் மாறி மாறி இழுத்தோம். அப்புறம்தான் அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். எங்கள் குளிரில் தலைக்கு வைக்கும் எண்ணெயையே வெயிலில் வைத்து உருக்கித்தான் எடுக்க வேண்டும். பம்புக்குள் போனது மட்டும் உறையாமல் இருக்குமா? பேதிக்குக் கொடுக்கும் விளக்கெண்ணெய் மருந்துக் காம்பராவில் ஜாடி ஜாடியாக இருந்தது. அதில் ஊறப் போட்டதும் சரியாகிவிட்டது. "நம்ம அடுப்புக்கு மட்டும் ஆயுசுக்கும் மலச்சிக்கல் வராது" என்று சொல்லிவிட்டுத் தானே வெட்கப்பட்டுக்கொண்டார்.

பர்னரும் தொட்டியும் சேரும் இடத்தில் காற்றுக் கசிந்தது. பழைய தேயிலைப் பெட்டி ஒன்றின் உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தகட்டை உரித்து, நாலாக மடித்துத் தட்டி, மோதிரம்போல வெட்டி அங்கே வைத்தார். எண்ணெய் ஆவியாகி வெளியே வரும் துளை மயிரளவுதான். அது அடைத்திருந்தது. ஊசிமருந்து போடும் ஊசிகளோடு, அவற்றின் ஓட்டையைச் சுத்தம் பண்ண ஒரு மெல்லிய கம்பி வரும். அந்தக் கம்பியை விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கால் மணி நேரம் குத்திக் குத்தி அந்தத் துளையைத் திறந்தார். நான் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதன்முதலாக அது நீலமாகப் பற்றி உர்ரென்று சத்தம் போட்டபோது, எனக்கு வெட்கமில்லாமல் கண்ணீர் வந்துவிட்டது. "அழாதீங்க தங்கச்சி, ஸ்பிரிட்டு வாசம்தான்னு சொல்லிக்கலாம்" என்றார்.

டின்னைத் தோளில் மாட்டிக்கொள்ளக் கொழுந்துக் கூடையின் கயிற்றை வெட்டி வார் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். தன் கையால் கட்டி, என் தோளில் மாட்டி, நீளம் சரியா என்று பார்த்து, ஒரு முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டார். "எந்த லயத்துக்குப் போனாலும் இத எடுத்துக்கிட்டுப் போங்க. மழையாவது மண்ணாவது" என்றார். சின்னப் போத்தல் ஒன்றில் ஸ்பிரிட் ஊற்றி அதோடு வைத்தார். அந்த அடுப்பு தீக்குச்சி கிழித்த உடனே பற்றாது. பர்னருக்குக் கீழே இருக்கும் குழியில் இரண்டு கரண்டி ஸ்பிரிட் ஊற்றி எரித்து, பர்னர் நன்றாகச் சூடேறிய பிறகுதான் பம்பு அடிக்க வேண்டும். சூடேறாமல் அடித்தால் எண்ணெய் ஆவியாகாமல் அப்படியே பீச்சியடித்துத் தீப்பிடிக்கும். இதையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். ஸ்பிரிட் பூட்டிய அலமாரியில் இருந்தது, சாவி அவரிடம். திங்கட்கிழமைதோறும் என் போத்தலை அவரே நிரப்பி வைத்துவிடுவார்.

நாலு வருஷம் அந்த அடுப்பை நான் சுமந்தேன். மலையில் எந்தப் பாதையில் போனாலும் தோளில் அது தட்டிக்கொண்டே வரும். காம்பராவின் மூலையில் வைத்துக் காற்றடித்து அது இரைய ஆரம்பித்தால் பக்கத்துக் காம்பராப் பெண்கள் இஸ்தோப்பில், வாசல் தாழ்வாரத்தில், வந்து கூடிவிடுவார்கள். "மிஸ்ஸியம்மா மிஷினு போட்டாச்சு, இனிமே புள்ள பொறந்துரும்" என்பார்கள். தண்ணீர் கொதித்த பிறகு மிஞ்சிய தீயில் பெற்றவளுக்கு ஒரு வாய் காப்பித்தண்ணியும் போட்டுக் கொடுப்பேன். எத்தனை பிள்ளைகள் என்று நான் எண்ணி வைத்துக்கொள்ளவில்லை. தொப்புள் புண்ணாகி ஒன்றுகூடப் போகவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். அது தற்பெருமை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

டாக்டரையா குடிக்கிறார் என்பது இரண்டாவது வருஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. சாராயக் கடைக்குப் போனால் ஊர் பார்க்கும். அலமாரிக்குள் இருப்பதை யார் பார்ப்பது? மத்தியானத்துக்கு மேல் கண் சிவந்திருக்கும், வாயில் கராம்பு மணக்கும். ஒரு நாள் நேரடியாகவே கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூணு பொட்டப் புள்ளைங்க இருக்கு தங்கச்சி. ஆபீசுக்குத் தெரிஞ்சா சோத்துக்கு இல்லாமப் போயிரும். விட்டுர்றேன், சத்தியமா விட்டுர்றேன்" என்றார். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அண்ணன் என்று கூப்பிட்டாயிற்று, அப்புறம் காட்டிக் கொடுப்பதா?

அந்த ஆடி மாதத்து மத்தியானம், மேற்கணக்கின் கடைசி லயத்திலிருந்து ஆள் வந்தது. தலைச்சன் பிள்ளை, வலி கண்டு வெகு நேரமாகிவிட்டது என்றார்கள். மழை கொட்டுகிறது. நான் போனபோது அந்தப் பெண்ணின் மாமியார், கையில் ஊதுகுழலோடு புகைக்குள் உட்கார்ந்திருந்தார். லயமே அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும். "வந்துட்டீங்களா சாமி" என்று அந்த ஈர மிலாறை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். பிள்ளையின் தலை தெரிகிற நேரம் நெருங்கிவிட்டது. நான் அடுப்பை வைத்து, ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினேன். ஒரு சின்ன நீலம் ஆடிவிட்டு அணைந்துவிட்டது. குழிக்குள் பார்த்தால் ஈரம் மிச்சம் இருந்தது. மழைச் சாரல் பட்டிருக்கும் என்று துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினேன். மறுபடியும் அதே கதை. பாயில் கிடந்தவள் அலறினாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பர்னரைத் தொட்டேன், ஓரளவு சூடு இருந்தது போலத் தோன்றியது. காற்றுத் திருகாணியை மூடிப் பம்பை அடித்துத் தீக்குச்சியைக் காட்டினேன். நான் செய்த தப்பு அதுதான். அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை.

எண்ணெய் அப்படியே பீறிட்டு மஞ்சளாக ஆள் உயரத்துக்கு எழும்பியது. சுவரோரம் தொங்கிய சாக்கைப் பிடித்தது. பக்கத்தில் தண்ணீர்ச் சட்டியோடு குனிந்திருந்த பெரியம்மாவின் முழங்கையைப் பிடித்தது. நான் திருகாணியைத் திறந்து காற்றை இறக்கி, நனைந்திருந்த என் கம்பளியை எடுத்து எல்லாவற்றையும் போட்டு அமுக்கினேன். என் இடது கை மணிக்கட்டு வரை வெந்துவிட்டது. அப்போது வலி தெரியவில்லை. பிள்ளை வந்துகொண்டிருந்தது. பக்கத்துக் காம்பராவில் சோறு வைக்கக் கொதித்துக்கொண்டிருந்த உலைத் தண்ணீரை வாங்கி, வலது கையால் பிள்ளையை எடுத்து, பெரியம்மா தன் வெந்த கையோடு நூலைப் பிடிக்க, தொப்புளைக் கட்டினேன். ஆண் பிள்ளை, நல்ல குரல். எல்லாம் முடிந்த பிறகு அந்தப் போத்தலை எடுத்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தேன். ஸ்பிரிட் என்றால் ஊற்றிய உடனே ஜில்லென்று பறந்துவிடும். இது உள்ளங்கையில் தேங்கி நின்றது. பாதிக்கு மேல் தண்ணீர். திங்கட்கிழமை அவர் நிரப்பிக் கொடுத்த போத்தல் அது.

பொழுது சாய்வதற்குள் டாக்டரையா மழையில் ஓடி வந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. பெரியம்மாவுக்குக் கட்டுப் போட்டுவிட்டு என் கைக்கு வந்தார். அவர் மருந்து தடவும்போது நான் போத்தலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "நா பாத்துக்கிறேன் தங்கச்சி. நா இருக்கேன்ல? அந்தப் போத்தல மட்டும் கழுவி வச்சிருங்க" என்றார். நான் வீட்டுக்குப் போய், வெந்த கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் அந்தப் போத்தலைச் சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். என்னைப் போல ஒரு முட்டாள் உலகத்தில் இருந்திருக்க மாட்டாள்.

மூன்றாம் நாள் ஆபீசில் விசாரணை. பெரிய தொரை மேசைக்குப் பின்னால், தொழிற்சங்கத் தோட்டத் தலைவர் ஒரு பக்கம், கட்டுப் போட்ட கையோடு பெரியம்மா ஒரு பக்கம், டாக்டரையா ஜன்னல் ஓரமாக. மேசை மேலே என் அடுப்பு, கரி படிந்து. பெரிய தொரை முதலில் பெரியம்மாவைத்தான் கேட்டார். அந்த மனுஷி நிமிர்ந்து நின்று, "தொரைகளே, எங் கையில கொப்புளம் வந்தது நெசந்தான். ஆனா மிஸ்ஸியம்மா மேல குத்தம் சொல்ல மாட்டேன். வெந்த கையோட எம் பேரன வாங்குனாங்க" என்றார். எனக்கு உயிர் வந்தது. தீப்பட்டவரே இப்படிச் சொல்லும்போது அண்ணன் சொல்வதற்கு என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

"அடுப்பு யார் கொடுத்தது?" என்று தொரை கேட்டார். டாக்டரையா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நாந்தான் தொரை. ஊசி கொதிக்க வைக்கக் குடுத்தேன், மருந்துக் காம்பராவுக்குள்ள மட்டும். லயத்துக்குக் கொண்டு போகக் கூடாதுன்னு மொதல்லயே சொல்லியிருக்கேன்" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. வேறு யாரையோ பற்றிச் சொல்கிறார் என்றுதான் இருந்தது. "ஐயா சொல்லித்தான் தொரை கொண்டு போனேன். ஐயாதான் வார் கட்டிக் குடுத்தாங்க" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "மிஸ்ஸி பயத்துல பேசுறாங்க தொரை. பாவம், சின்ன வயசு" என்றார். தொரை ஸ்பிரிட் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் வாரா வாரம் "அடுப்புக்கு, அடுப்புக்கு" என்று அவர் கையெழுத்து. நான் ஒரு மாதத்தில் எரிக்காத ஸ்பிரிட்டை ஒரு வாரத்தில் எரித்ததாக எழுதியிருந்தது. தொரை புருவத்தை உயர்த்தினார். "அதான் தொரை, இவ்வளவு ஏன் செலவாகுதுன்னு எனக்கு இப்பத்தான் வெளங்குது" என்றார் என் அண்ணன்.

நான் மேசைப் பக்கம் குனிந்தேன். தேதிகளைப் பார்த்தேன். அடுப்பு எரியத் தொடங்கிய முதல் வாரத்திலிருந்தே அப்படித்தான் எழுதியிருந்தது. அந்த மூன்று வாரம் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு துளையைக் குத்தியது எனக்காகவா, லயத்துப் பெண்களுக்காகவா, இல்லை அலமாரியில் குறைவதற்கு ஒரு கணக்குக் காட்டவா? நான் விளக்குப் பிடித்துக்கொண்டு அழுதேனே, அப்போது அவர் மனதுக்குள் என்ன இருந்தது? புத்தகத்தில் இருப்பது பொய், போத்தலில் தண்ணீர் என்று சொல்லலாம் என்று வாயெடுத்தேன். போத்தல் எங்கே? கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்வார்களே, அறுக்கிற கத்தியை நானே கழுவிக் கொடுத்திருந்தேன்.

ஒரு மாதம் வேலைக்கு வரக் கூடாது என்றார்கள். இனி லயங்களுக்கு அடுப்பு எதுவும் கொண்டு போகக் கூடாது என்று எழுதி ஒட்டினார்கள். அடுப்பைப் பேக்டரிப் பட்டறைக்கு அனுப்பிச் சம்மட்டியால் தட்டி நசுக்கினார்கள். அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தவரும் டாக்டரையாதான். நான் திரும்பி வேலைக்கு வந்தபோது பாதி லயங்களில் என்னைக் கூப்பிடவே பயந்தார்கள். "தீ வச்ச மிஸ்ஸி" என்று ஒரு பேர் பின்னாலேயே வந்தது. சொல்லைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த வருஷ மழையில், கீழ்க்கணக்கில் ஒரு பிரசவத்தின்போது, ஈர மிலாறு புகைந்துகொண்டே இருந்தது. பக்கத்து அடுப்புகளும் பற்றவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில்தான் கத்தரிக்கோலைக் கழுவ முடிந்தது. எட்டாம் நாள் அன்று பிறந்த பெண் குழந்தைக்குத் தாடை இறுகிவிட்டது. பால் இறங்கவில்லை. பத்தாம் நாள் போய்விட்டது. கத்தரியாலா, நூலாலா, வேறு எதனாலா என்று எனக்குத் தெரியாது. கொதித்த தண்ணீர் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எனக்கு வந்திருக்காது. டாக்டரையா புத்தகத்தில் "பலவீனம்" என்று எழுதி மூடிவிட்டார்.

அதற்குப் பிறகும் ஏழு வருஷம் நான் அதே காம்பராவில், அதே மனுஷரோடு வேலை பார்த்தேன். எப்படி முடிந்தது என்று என் பிள்ளைகள் கேட்பார்கள். வேறு எங்கே போவது? தோட்ட வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். முதல் வருஷம் பேசவில்லை. அப்புறம் மருந்து எடுத்துக் கொடுக்க, சீட்டு எழுத என்று பேச்சு வந்தது. அண்ணன் என்று மட்டும் கூப்பிடவில்லை. ஆனால் மனசு இருக்கிறதே, அது வெட்கங்கெட்டது. மெல்ல மெல்ல அவருக்காக நானே சமாதானம் கண்டுபிடிக்கத் தொடங்கினேன். மூன்று பெண் பிள்ளைகள், பாவம். பயந்த சுபாவம். அந்த நேரத்தில் என்ன சொல்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. சொன்னதை நினைத்து உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பார், என்னிடம் சொல்ல வாய் வரவில்லை. இப்படியெல்லாம். கொஞ்ச காலத்தில் குடியையும் விட்டுவிட்டார். அதைப் பார்த்தபோது, என்னை நினைத்துத்தான் விட்டார் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அவர் இறம்பொடைப் பக்கம் ஒரு பெரிய தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனபோது வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் பிரியாவிடை வைத்தார்கள். இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்களா, இங்கேயே இருக்க விடுவார்களா என்று ஊரே கலங்கிக் கிடந்த காலம் அது. ஆனாலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. அவரோடு நெடுநாள் வேலை பார்த்தவள் என்று மாலையை என் கையில் கொடுத்தார்கள். தலவாக்கலையிலிருந்து படம் பிடிக்கிறவரையும் கூட்டி வந்திருந்தார்கள். நான் மாலை போடும்போது அவர் குனிந்து, "நல்லாருங்க தங்கச்சி" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது. எனக்கு உள்ளே ஏதோ இளகிவிட்டது. சிரித்தேன். அப்போது விளக்கு மின்னியது.

அதற்குப் பிறகுதான் அவர் பேச எழுந்தார். மழையைப் பற்றி, மலையைப் பற்றி, ஆட்களின் அன்பைப் பற்றி நன்றாகவே பேசினார். பிறகு, "நம்ம மிஸ்ஸி லயத்துக்கு லயம் வெந்நி இல்லாமத் தவிச்சாங்க. தொரை போட்டுட்டுப் போன ஓட்டை அடுப்பு ஒண்ணு கெடந்துச்சு. நா இந்தக் கையால அதுக்கு உசுரு குடுத்தேன்" என்று தொடங்கினார். சப்பாத்து நாக்கை வெட்டியதைச் சொன்னார். தேங்காய் எண்ணெய் உறைந்து விளக்கெண்ணெய்க்கு மாறியதைச் சொன்னார், கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஈயத்தகட்டைச் சொன்னார், ஊசிக் கம்பியைச் சொன்னார். "கொழுந்துக் கூடைக் கயித்துல வாரு கட்டி, இவுங்க தோள்ல மாட்டி, எந்த லயத்துக்குப் போனாலும் எடுத்துக்கிட்டுப் போங்கன்னு சொன்னேன். அந்தச் சுடுதண்ணியில பொறந்த புள்ளைங்க எத்தனையோ பேரு இங்கேயே உக்காந்திருக்கு" என்றார். கை தட்டல் நிற்கவே இல்லை. பக்கத்தில் இருந்த தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர் என் தொடையைத் தட்டி, "கொடுத்து வச்சவங்க மிஸ்ஸி நீங்க" என்றாள்.

தேத்தண்ணி கொடுக்கும்போது அவரைத் தனியாகப் பிடித்தேன். கையில் வடைத் தட்டோடு நின்றார். "வாரு கட்டிக் குடுத்து லயத்துக்குக் கொண்டு போகச் சொன்னது நீங்கதான்னு இன்னிக்கு அம்புட்டுப் பேரு முன்னாடியும் சொன்னீங்களே. இத அன்னிக்கு ஆபீசுல ஏன் சொல்லல?" என்றேன். அவருக்கு முகம் கறுக்கும், கண் தாழும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுமில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டவர்போலப் பார்த்துவிட்டு, "இன்னுமா அதெல்லாம் மனசுல வச்சிருக்கீங்க? நா எப்பவோ மறந்துட்டேன் தங்கச்சி" என்றார். எனக்கே மன்னிப்புக் கொடுப்பதுபோல என் தலையைத் தொட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

மறந்துவிட்டாராம். தோல் எத்தனை நாள் ஊறியது என்பது வரை சொன்ன மனுஷர். நான் ஏழு வருஷமாக அவருக்காகச் சேர்த்து வைத்திருந்த பயம், வெட்கம், உள்ளுக்குள் வேகிற மனசு எதுவுமே அவரிடம் இருந்ததில்லை என்று அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. அடுப்பு ஆபத்தாகிப்போன அன்று அது என்னுடையதாக இருந்தது. மாலை விழுந்த அன்று அவருடையதாகிவிட்டது. அவ்வளவுதான்.

இப்போது நான் ஹட்டனில் மகனோடு இருக்கிறேன். போன மாதம் டாக்டரையாவின் கடைசி மகள், தகப்பன் காலமாகிவிட்ட செய்தியோடு என்னைத் தேடி வந்தாள். அழுதுகொண்டே ஒரு கவரைக் கொடுத்தாள். "அப்பா இத அவுங்க மேசையிலயே வச்சிருந்தாங்க அத்தை. தங்கச்சி தங்கச்சின்னு உங்களப் பத்தித்தான் பெருமையாச் சொல்லுவாங்க" என்றாள். உள்ளே அந்தப் பிரியாவிடைப் படம். அந்தப் பிள்ளையிடம் நான் என்ன சொல்வது? தலையைத் தடவி, சாப்பிட வைத்து, பஸ் ஏற்றி அனுப்பினேன். படத்தில் நான் மாலையைப் போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். சும்மா படத்துக்காகச் சிரித்த சிரிப்பு இல்லை அது. பார்க்கிற யாரும், இந்தப் பெண்ணுக்கு இவர் எவ்வளவு நல்லது செய்திருக்கிறாரோ என்றுதான் நினைப்பார்கள். அத்தனை வருஷமும் அவருடைய மேசையில் அவர் பக்கத்துச் சாட்சியாக நான்தான் நின்றிருக்கிறேன்.